இளகிய ககரம்

கலீசிய மொழியில் விரலுக்கு 'தேதோ' என்று பெயர். தமிழில் எழுதிக்காட்ட இதைவிட வசதியான வேற்றுமொழிச் சொல் எனக்குக் கிடைத்ததில்லை. 'தீது', 'தூது' என்று நாம் சொல்லும்போது என்ன நடக்கிறது? முதல் தகரத்துக்கு நாக்கு பல்லின் பின்புறத்தில் அழுந்திப் பிரிகிறது. இரண்டாவதற்கு அந்தச் சிரமம் இல்லை. பல்லை நெருங்கிப் போய், தொட்டும் தொடாமலும் திரும்பிவிடுகிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. கலீசியர்களின் 'தேதோ'விலும் அதேதான். ஒரே வித்தியாசம், அவர்களுடைய முதல் தகரம் 'பந்து' என்பதில் வரும் த போலத் தொண்டையில் அதிரும்.

அந்த முதல் தகரமும் நிரந்தரமானதல்ல. பெயருக்கு முன்னால் 'ஒ' என்ற சுட்டிடைச்சொல்லைச் சேர்த்து 'ஒ தேதோ' என்றால், அது உடனே இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இளகிவிடும். சொல்லின் தலையெழுத்து என்ற மரியாதையெல்லாம் அங்கே கிடையாது. நம்முடைய வழக்கம் நேர்மாறு. 'அந்தத் தூது', 'இந்தப் பக்கம்' என்று ஒற்றை இரட்டிக்கிறோம். பள்ளியில் வலி மிகும் இடம், மிகா இடம் என்று மனப்பாடம் செய்தபோது அது மெய்ப்புப் பார்ப்பவர்களின் நன்மைக்காக ஏற்பட்ட விதி என்றே நினைத்திருந்தேன். கலீசியாவில் உட்கார்ந்து 'ஒ தேதோ'வைக் கேட்டபோதுதான், சொல்லின் வாசலில் நிற்கும் வல்லினம் கரைந்துவிடாமல் நாம் அணை கட்டியிருக்கிறோம் என்பது உறைத்தது. சொல்லின் உள்ளே கரைவதை நாமும் தடுப்பதில்லை.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்குத் தலைக்கு மேல் இருக்கிறது கலீசியா. 2018இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசிச் சேவைக்காக அங்கே போனேன். அழைப்பவர் வாயால் சொல்வதைப் புரிந்துகொண்டு உரிய பிரிவுக்கு அனுப்பும் தானியங்கி அமைப்பு அது. 'எண் ஒன்றை அழுத்தவும்' என்பதற்குப் பதிலாக 'சொல்லுங்கள், என்ன வேண்டும்?' என்று கேட்கும். ஆ கொருன்யா நகரத்தில் நன்றாக வேலை செய்தது. மேற்குக் கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்த அழைப்புகளில் தடுக்கி விழுந்தது. செலவைக் குறைப்பதற்காக ஸ்பானிய மொழிக்குப் பயிற்றுவித்த ஒலி மாதிரியின் மேல் கலீசியச் சொற்பட்டியலை ஏற்றியிருந்தார்கள். இரண்டும் அண்டை மொழிகள்தானே என்பது வாதம்.

காப்பீட்டுக்கு அங்கே 'செகூரோ' என்று பெயர். 'நிச்சயம்', 'பாதுகாப்பு' என்றும் அதற்குப் பொருள் உண்டு. ஸ்பானியத்திலும் அதே சொல், அதே எழுத்து. அழைப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது, பல இடங்களில் இயந்திரம் 'சீ, ஹூரோ' என்று எழுதிவைத்திருந்தது. ஸ்பானியத்தில் 'ஆமாம், சத்தியம் செய்கிறேன்' என்று பொருள். காப்பீட்டைப் பற்றிக் கேட்க அழைத்தவர்களெல்லாம் இயந்திரத்திடம் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் இரண்டு நாள் சிரித்தோம். மூன்றாம் நாள் ஒலிப்பதிவுகளைத் திறந்து கேட்கத் தொடங்கினேன்.

ஒலியைக் கண்ணால் பார்ப்பதற்கு 'ப்ராட்' என்றொரு இலவச மென்பொருள் உண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் புர்ஸ்மாவும் டாவிட் வேனிங்கும் எழுதியது. டச்சு மொழியில் 'ப்ராட்' என்றால் பேச்சு. முதுகலைப் படிப்பின்போது இரவெல்லாம் அதோடு கிடந்திருக்கிறேன். ஒரு சொல்லை அதில் இட்டால் ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படம் விரியும். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், எங்கே வலு அதிகமோ அங்கே கருமை. உயிரெழுத்துகள் கிடைமட்டமான கரும்பட்டைகளாகத் தெரியும். ஆவுக்கும் ஈக்கும் பட்டைகள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். 'பக்கம்' என்று சொல்லிப் பார்த்தால் பட்டைகள் சட்டென்று அறுபட்டு, நடுவில் வெள்ளை இடைவெளி விழும். காற்று அடைபட்டிருக்கும் மௌனம் அது. அது முடியும் இடத்தில் மேலிருந்து கீழாக ஊசிபோல ஒரு கோடு. அடைப்பு வெடிக்கும் கணம். வல்லினம் என்று நம் இலக்கணக்காரர்கள் ஏன் பெயர் வைத்தார்கள் என்று அந்தக் கோட்டைப் பார்க்கும் எவருக்கும் புரியும்.

கலீசிய 'லாகோ'வை, அதாவது ஏரியை, இட்டுப் பார்த்தேன். வெள்ளை இல்லை, ஊசிக்கோடு இல்லை. 'லா'வின் பட்டைகள் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் வளைந்து, அப்படியே 'ஓ'வின் பட்டைகளாகிவிட்டன. மங்கிய பகுதி சுமார் 50 மில்லிவினாடி இருக்கலாம். ஒலியின் வலு சில டெசிபல் இறங்கி ஏறுகிறது, அவ்வளவுதான். நிதானமாகச் சொன்னால் அதிகம் மங்குகிறது, அவசரத்தில் சொன்னால் மங்கியதே தெரிவதில்லை. மெய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்கச் சொன்னால் என்னால் முடியாது. மழைக்காலத்தில் ஏரி எங்கே முடிந்து வயல் எங்கே தொடங்குகிறது என்று கேட்பது மாதிரி.

பழைய பாடநூல்கள் இந்த இளகிய ஒலிகளை உரசொலிகள் என்று சொல்லிவந்தன. உரசொலி என்றால் 'ஸ்', 'ஃப்' போல, குறுகிய வழியில் காற்று தேய்ந்து இரைய வேண்டும். படத்தில் அந்த இரைச்சல் மணல் தூவியதுபோலத் தெரியும். 'லாகோ'வில் மணலே இல்லை. எவ்ஹேனியோ மார்த்தினெஸ் செல்திரானும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவைச் சேர்ந்த ஷொசே லுயிஸ் ரெகேய்ராவும் 2008இல் எழுதிய கட்டுரை ஒன்று கலீசியத்தின் இந்த ஒலிகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. இவற்றை உரசொலியென்று சொல்லாமல், உறுப்புகள் நெருங்குவதோடு நிற்கும் தனி வகையாகக் கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கட்சி. படிக்கும்போது எனக்கு இடையினம் என்ற சொல்தான் ஞாபகத்துக்கு வந்தது. யகரமும் வகரமும் செய்வது அதைத்தானே. கலீசியர் வாயில் உயிர்களுக்கு நடுவே அகப்படும் வல்லினம் இடையினமாகிவிடுகிறது என்று நம் கலைச்சொல்லில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

இந்த இளக்கம் இன்று நேற்று வந்ததல்ல. லத்தீனில் ஓநாய் 'லூபுஸ்', ஏரி 'லாகுஸ்', நண்பன் 'அமீகுஸ்'. அங்கே ப, க எல்லாம் அதிர்வில்லாத கெட்டி ஒலிகள், நம் 'பக்கம்' போல. மேற்கு ஐரோப்பாவில் முதலில் அவை அதிர்வு பெற்றன, பிறகு இளகின. 'லோபோ', 'லாகோ', 'அமிகோ' ஆயின. வாழ்க்கை 'வீதா' ஆனது. கலீசியத்தில் வகரத்தை இதழ்களை மூடிப் பகரமாகத்தான் சொல்வார்கள். முதல் வாரத்தில் அலுவலகத்தில் யாரோ அலுத்துக்கொண்டு 'பீதா' என்று பெருமூச்சு விட்டபோது, ஏன் பிதாவை அழைக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

கெட்டி ஒலி இளகுகிறது என்றால், ஏற்கெனவே இளகியிருந்தது என்ன ஆகும்? காணாமல் போகும். லத்தீனில் 'விதேரே' என்றால் பார்ப்பது. அதன் நடு தகரம் உதிர்ந்து கலீசியத்தில் 'வேர்' ஆயிற்று. படிப்பதற்கான 'லெகெரே' இப்போது 'லேர்'. கலீசியமும் போர்ச்சுகீசியமும் இதற்கு மேலும் ஒரு படி போயின. உயிர்களுக்கு நடுவே வந்த னகரத்தையும் லகரத்தையும்கூட விட்டுவைக்கவில்லை. ஸ்பானியத்தில் இன்றும் 'லூனா'வாக இருக்கும் நிலா கலீசியத்தில் 'லூஆ'. வலி 'தொலோர்' இல்லை, 'தோர்'. நிலவின் நடுவிலிருந்து ஒரு மெய்யைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டு உயிர்கள் மட்டும் என்று அங்குள்ளவர்கள் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. பகுதி என்ற சொல்லின் ககரம் கரைந்து, உயிர்கள் ஒட்டிக்கொண்டு பாதி. மிகுதி, மீதி. துகள், தூள். அகப்பை, ஆப்பை. இவற்றில் பாதியும் மீதியும் தூளும் அகராதியேறித் தனிச் சொற்களாகிவிட்டதால் யாரும் கொச்சை என்பதில்லை. 'போகிறேன்' என்பது 'போறேன்' ஆனதை மேடையில் பேசக் கூச்சப்படுகிறோம், வீட்டில் பேசுகிறோம். 'போகாதே' என்பது 'போவாத' ஆனால்? அங்கேதான் சிக்கல். அதற்குப் பிறகு வருகிறேன்.

'செகூரோ'வை 'செஹூரோ' என்றவர்கள் செய்தது வெறும் இளக்கமும் அல்ல. கலீசியாவின் மேற்குப் பாதியில் ககர ஒலி, தொண்டையின் அடியிலிருந்து வரும் ஹகரமாக ஒலிக்கிறது. 'ஹெயாதா' என்று இதற்குப் பெயர். பூனை 'காத்தோ' அல்ல, 'ஹாத்தோ'. சொல்லின் முதலிலும் நடுவிலும் ஒன்றுபோல. படத்தில் பார்த்தால் மணல் தூவல் தெரியும், அடுத்து வரும் உயிரின் முதல் பட்டை சற்று மேலேறி நிற்கும். தொண்டை சுருங்குவதன் அடையாளம் அது. இது எங்கிருந்து வந்தது என்பதில் கலீசிய அறிஞர்கள் இரண்டு அணி. உயிர்களுக்கு நடுவே இளகிய வடிவமே சொல் முதலுக்கும் பரவியது என்று ஓர் அணி. ஸ்பானியத்தின் காறல் ஒலியைப் பிடிக்கப்போய் வந்தது என்று மற்ற அணி. எனக்கு முதல் அணியின் மேல் சாய்வு. அதற்குச் சான்று காட்டச் சொன்னால் ஸ்பெக்ட்ரோகிராமைக் காட்ட முடியாது, என் ஊர்க்காரர்களைத்தான் காட்ட முடியும்.

ஹெயாதா பேசுவது படிக்காதவன் அடையாளம். கலீசியத்தையே கிராமத்தான் மொழி என்று தள்ளிவைத்த காலம் நெடுக இருந்தது. ரொசாலியா தே காஸ்த்ரோ 1863இல் முழுக்கக் கலீசியத்தில் ஒரு கவிதை நூல் வெளியிட்டதை இன்றுவரை கொண்டாடுகிறார்கள், ஆண்டுதோறும் மே 17 அதற்கான நாள். பிராங்கோ ஆட்சியில் பள்ளியிலும் அலுவலகத்திலும் அம்மொழிக்கு இடமில்லை. 1981இல் தன்னாட்சிச் சட்டம் வந்து ஸ்பானியத்தோடு அதுவும் ஆட்சிமொழியானது. ஆனால் ஆட்சிமொழியான கலீசியத்தின் எழுத்துநெறியில் ஹெயாதாவுக்கு இடமில்லை. தொலைக்காட்சிச் செய்தியில் நீங்கள் கேட்பது ககரம்தான். ஒதுக்கப்பட்ட மொழிக்குள் ஒதுக்கப்பட்ட ஒலி.

என்னோடு வேலை செய்த பெண் பொறியாளர் கோஸ்தா தா மோர்தே பக்கத்துக்காரர். மரணக் கடற்கரை என்று பொருள். கப்பல்கள் உடைந்ததால் வந்த பெயர். கிராமத்து உச்சரிப்பில் பதிவுகள் தேவை என்றபோது, அவர் தன் அம்மாவிடம் அழைத்துப்போனார். சமையலறை மேசையில் ஒலிவாங்கியை வைத்து, சொற்பட்டியலைக் கையில் கொடுத்தோம். பூனை, தண்ணீர், நண்பன், ஆகஸ்ட், கட்டணம், காப்பீடு. எல்லாம் ககரம் வரும் சொற்கள். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, செய்தி வாசிப்பவர்போலப் படித்தார். 'காத்தோ'. 'அமிகோ'. 'செகூரோ'. ஒரு ஹகரம் இல்லை. மகள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

பட்டியல் முடிந்தது. பதிவு இன்னும் ஓடுகிறது என்று அம்மாவிடம் மகள் சொன்னார், அவரும் தலையாட்டினார். மெல்லிய தோசைபோல ஒரு பண்டம், 'ஃபியோவாஸ்' என்று பெயர், தட்டில் வைத்துத் தள்ளினார். ஏதோ ஓசை கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே வந்திருந்த பூனையை விரட்டினார். 'ஹாத்தோ!' அதற்குப் பிறகு அரைமணி நேரம் நிற்கவில்லை. பூனை, மருமகன், தண்ணீர்க் கட்டணம். எனக்கு பாதிதான் புரிந்தது, ஆனால் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு ககரம்கூட வரவில்லை.

திரும்பும் வழியில் மகள் சொன்னார்: "வீட்டுக்குத் தொலைபேசி வந்தால் அம்மா எடுத்ததும் ஸ்பானியத்தில்தான் பேசுவார். எதிர்முனையில் என் சித்தி என்று தெரிந்த பிறகுதான் மாறுவார்." அப்போதுதான் பதிவேட்டின் மர்மம் விளங்கியது. இயந்திரத்திடம் பேசிய அந்தக் கிராமத்தார்கள் யாரும் தங்கள் இயல்பான பேச்சைப் பேசவில்லை. தொலைபேசி என்றால் பட்டணம், அலுவலகம், அதிகாரம். அதற்கேற்ப வாயைத் திருத்திக்கொண்டுதான் பேசினார்கள். அந்தத் திருத்தத்தையும் மீறிக் கசிந்ததைத்தான் எங்கள் இயந்திரம் சத்தியப் பிரமாணமாக எழுதிவைத்தது.

நான் ஆரணிக்காரன். எங்கள் பக்கம் மகள் 'மவ', ஆகாது 'ஆவாது', போகாதே 'போவாத'. உயிர்களுக்கு நடுவே வரும் ககரம் வகரமாக இளகும். மேலே சொன்ன அதே வேதியியல். கல்லூரி விடுதியில் நான் 'ஆவாது' என்றதும் அறையே அதைத் திருப்பிச் சொல்லும். சினிமாவில் 'மவனே' என்று பேசுபவன் கையில் கத்தியிருக்கும். பகுதி பாதியானதும் போகாதே போவாத ஆனதும் ஒரே காரியம்தான் என்று அந்த வயதில் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது வசிப்பது நெதர்லாந்தின் தெற்கில், ஐந்தோவனில். இங்கேயும் ககரத்தில்தான் பிரச்சினை. வடக்கே ஆம்ஸ்டர்டாம்காரர்கள் அந்த ஒலியைத் தொண்டையில் காறிச் சொல்வார்கள். எங்கள் பிராபண்ட் பகுதியில் மெதுவாக, வருடினாற்போலச் சொல்வார்கள். 'மென் ககரம்' என்றே அதற்குப் பெயர். வடக்கத்தியர்கள் அதைக் கேட்டால் புன்னகைப்பார்கள். என் மகள் தமிழில் 'மகள்' என்று சொல்லும்போது, நடு ககரம் அந்த பிராபண்ட் ககரம்தான். அச்சாகப் பொருந்துகிறது. வாரயிறுதித் தமிழ் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் மற்ற சில குழந்தைகள் ஒற்றைக் ககரத்தையும் கெட்டியாகச் சொல்லி, 'நான் அப்பாவோட மக்கள்' என்கிறார்கள்.

ஆரணியிலிருந்து வந்திருந்தபோது அம்மா ஓர் இரவு, பேசினால் தமிழில் எழுதித்தரும் செயலியில் என் மகளுக்குச் செய்தி அனுப்ப முயன்றார். "ராத்திரில தனியா போவாத" என்றார். திரையில் 'ராத்திரியில் தனியாக பாவாடை' என்று வந்தது. மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை, நான் அதுவரை அவர் வாயில் கேட்டிராத தமிழில், நிறுத்தி நிதானமாக, "போ-கா-தே" என்றார். சரியாக வந்தது. "அதுக்குப் புரியற மாரி பேசணும்போல" என்று கைப்பேசியை வைத்துவிட்டார்.

கலீசிய வேலைக்கு வருகிறேன். செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் உச்சரிப்பைச் சொல்லும் அகராதிக் கோப்பில், ககரம் வரும் சொற்களுக்கெல்லாம் ஹகர வடிவத்தை இரண்டாம் உச்சரிப்பாகச் சேர்க்கும் ஒரு விதி, சில வரிகள். ஹகரத்துக்கான ஒலி மாதிரியோ ஸ்பானியக் காறலின் உபயத்தால் ஏற்கெனவே இருந்தது. வாடிக்கையாளர் தரப்பு மேலாளர் தயங்கினார். வயதானவர்கள், சில ஆண்டுகளில் இந்தக் கேள்வியே எழாது, வேண்டுமென்றால் எண்ணை அழுத்தட்டும் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 2023ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கெடுப்பில், அன்றாடம் ஸ்பானியம் பேசுவோர் கலீசியம் பேசுவோரை முதன்முறையாக மிஞ்சினார்கள். ஆனால் அந்த வயதானவர்கள்தான் காப்பீட்டுத் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள் என்று கணக்கைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். நியாயத்தைவிடத் தவணைக்கு மரியாதை அதிகம்.

அடுத்த கேள்விதான் கடினம். இயந்திரம் ஹெயாதாவைக் கேட்கும், சரி. பேசவும் வேண்டுமா? மேற்குக் கிராமங்களுக்குப் பதில் சொல்லும் குரலை அப்படியே பதிவுசெய்யலாம் என்றேன். என் சகப்பணியாளர் ஒரே வார்த்தையில் மறுத்தார். "அம்மா கேலி செய்கிறார்கள் என்று நினைப்பார். அந்தப் பேச்சை வெளியாள் வாயில் அவர் கேட்டதெல்லாம் நகைச்சுவை நிகழ்ச்சியில்தான்." நான் விவாதிக்கவில்லை. 'போவாத' என்று எனக்கு ஒரு இயந்திரம் சொன்னால், விடுதி அறை ஞாபகம் வருமா அம்மா ஞாபகம் வருமா என்று எனக்கே தெரியாது. பதில் சொல்லும் குரல், சந்தியாகோவைச் சேர்ந்த ஒரு குரல் கலைஞருடையதாக, அச்சுப் பிசகாத ககரத்தோடு அமைந்தது.

அமைப்பு மாறிய பிறகு ஒரு மாதப் பதிவேட்டைப் படித்தேன். சத்தியங்கள் அநேகமாக நின்றுவிட்டன. 'செஹூரோ' என்று அழைத்தவர் சொல்கிறார், இயந்திரம் புரிந்துகொண்டு, சரிபார்ப்பதற்காக, 'செகூரோ, சரிதானே?' என்று திருப்பிக் கேட்கிறது. அந்த ககரத்தைப் படமாக்கிப் பார்த்தேன். 'லாகோ'வைப் போலவே இளகி, கோடு கிழிக்க முடியாதபடி இருந்தது. அழைத்தவர் பதில் சொல்கிறார். பத்துப் பன்னிரண்டு அழைப்புகளில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டாம் முறை அவர்களில் பெரும்பாலோர் 'செகூரோ' என்றார்கள்.